ஐந்து வருட ஒருங்கிணைந்த குற்றவியல் படிப்பு: சேருமுன் எதையெல்லாம் பார்க்கணும்? (மதுரை வட்டார மாணவர்களுக்காக)

மேலூர் வாத்தியார்:

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகும் பிள்ளைகளில் சிலர் குற்றவியல்தான் படிப்போம் என்று நிற்கிறார்கள். இளங்கலையும் முதுகலையும் சேர்த்து ஐந்தே வருடம் என்று வரும் விளம்பரங்களைக் காட்டி, "இதைப் படிச்சா நேரா எஸ்.ஐ. ஆகிடலாமா சார்?", "சி.பி.ஐ.யில எடுத்துக்குவாங்களா?" என்று கேட்கிறார்கள். ஒரு பெண் பயோ-மேத்ஸ், மற்றவர்கள் கலைப் பிரிவு. எல்லோரும் அரசுப் பள்ளி, தமிழ் வழி, வீட்டில் முதல் பட்டதாரிகள். தவறான இடத்தில் ஐந்து வருடத்தை விட்டுவிட்டால் மீட்பது கஷ்டம். துறை தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள், அப்படியே பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

ஆனைமலை:

ஐயா, அந்த இரண்டு கேள்விக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எஸ்.ஐ. வேலைக்குக் குற்றவியல் கட்டாயமில்லை, ஏதாவது ஒரு பட்டம் போதும். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வும் உடற்தகுதித் தேர்வும் வைத்துத்தான் எடுக்கிறது. சி.பி.ஐ. சப்-இன்ஸ்பெக்டருக்கும் மத்தியப் பணியாளர் தேர்வு ஆணையம் (எஸ்.எஸ்.சி.) பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வுதான் வாசல், அங்கேயும் ஏதாவது ஒரு பட்டம்தான். ஆகவே "போலீஸ் ஆகணும்" என்பது மட்டுமே காரணம் என்றால் இந்தப் படிப்புக்கு ஐந்து வருடம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

பிள்ளைகள் மூன்று துறைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். குற்றம் ஏன் நடக்கிறது, யார் பாதிக்கப்படுகிறார்கள், தண்டனை என்ன செய்கிறது, சிறையும் நீதிமன்றமும் எப்படி இயங்குகின்றன என்று சமூக அறிவியல் முறையில் ஆராய்வது குற்றவியல். ரத்தக்கறை, விரல்ரேகை, விஷம், தோட்டா, கையெழுத்து என்று ஆய்வகத்தில் சோதிப்பது தடயவியல். அது முழுக்க அறிவியல், மைக்ரோஸ்கோப்பும் வேதியியலும்தான் அங்கே சோறு. காவல் நிர்வாகம் என்பது மூன்றாவது, நிர்வாகவியலின் கிளை. விளம்பரத்தில் மூன்று பெயரையும் ஒரே வரியில் போட்டு மாணவர்களை இழுக்கிறார்கள். பாடத்திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் எது பிரதானம் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நல்ல குற்றவியல் பாடத்திட்டம் எப்படி இருக்கும் என்றால், முதல் மூன்று செமஸ்டரில் சமூகவியல், உளவியல் அடிப்படைகளும் குற்றக் கோட்பாடுகளும் வரும். 1764-ல் இத்தாலிய அறிஞர் பெக்காரியா எழுதியதில் தொடங்கி, மெர்டன் 1938, சதர்லேண்ட் 1939, ஹிர்ஷி 1969, கோஹனும் ஃபெல்சனும் 1979 என்று கோட்பாட்டாளர்களின் வரிசை போகும். நம்ம பக்கத்துப் பங்களிப்பும் உண்டு. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கே. ஜெய்சங்கர் 2008-ல் முன்வைத்த 'வெளி மாற்றக் கோட்பாடு', ஒரே ஆள் நேரில் ஒரு மாதிரியும் இணையவெளியில் வேறு மாதிரியும் ஏன் நடக்கிறான் என்று விளக்குகிறது. அடுத்த மூன்று செமஸ்டரில் குற்றச் சட்டங்கள், தண்டனையியல், பாதிக்கப்பட்டோர் இயல், இளஞ்சிறார் நீதி, தடயவியல் அறிமுகம், கொஞ்சம் புள்ளியியல். நான்காம் ஐந்தாம் வருடம் ஆய்வு முறையியல், இணையக் குற்றம், பொருளாதாரக் குற்றம், களப்பயிற்சி, ஆய்வேடு.

சட்டப் பாடத்தில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் இவற்றுக்குப் பதிலாக முறையே பாரதிய நியாய சன்ஹிதா, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாக்ஷிய அதினியம் நடைமுறையில் இருக்கின்றன. பாடத்திட்டம் இன்னும் 302, 420 என்று பழைய பிரிவுகளை மட்டுமே பேசினால் அந்தத் துறை தூங்குகிறது என்று அர்த்தம். இப்போது கொலைக்கு 103, மோசடிக்கு 318. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம்தான் பொருந்தும் என்பதால் இரண்டையும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் புதியதைச் சொல்லித் தராத இடத்தில் சேரக்கூடாது.

கே.கே.நகர் வக்கீல்:

ஆனைமலை சார் படிப்பைச் சொன்னார். நான் சான்றிதழைச் சொல்கிறேன், ஏனென்றால் வேலை வாசலில் பிள்ளைகள் திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் இங்கேதான்.

'ஒருங்கிணைந்த' என்ற ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிறது. ஒன்று, மூன்றாம் வருட முடிவில் பி.ஏ. அல்லது பி.எஸ்சி. பட்டச் சான்றிதழைத் தனியாகத் தந்துவிட்டு, ஐந்தாம் வருட முடிவில் முதுகலைப் பட்டத்தைத் தருவது. இன்னொன்று, ஐந்து வருடம் முடிந்த பிறகு ஒரே ஒரு சான்றிதழ். இரண்டாவது வகையில் சேர்ந்த பிள்ளை நான்காம் வருடம் எஸ்.ஐ. தேர்வுக்கோ குரூப் தேர்வுக்கோ விண்ணப்பிக்க நினைத்தால் கையில் பட்டம் இருக்காது. நடுவில் குடும்ப நெருக்கடியில் படிப்பை நிறுத்த வேண்டி வந்தால், மூன்று வருடம் படித்ததற்கு மதிப்பெண் பட்டியலைத் தவிர ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். "மூணாவது வருஷம் வெளியேறினா பட்டம் உண்டுங்க" என்று அலுவலகத்தில் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். பல்கலைக்கழக விதிமுறைப் புத்தகத்தில் 'வெளியேறும் வாய்ப்பு' என்ற பிரிவு எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 இளங்கலைக் கட்டமைப்பின்படி மூன்று வருடப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் (பாடங்களுக்குத் தரும் அளவுப் புள்ளி), நான்கு வருட ஹானர்ஸுக்கு 160. அந்தக் கட்டமைப்பில் ஓடும் படிப்பென்றால் மூன்றாம் வருட முடிவில் 120 சேருகிறதா என்று கூட்டிப் பாருங்கள். நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இளங்கலை மூன்று, முதுகலை இரண்டு வருடமாகத்தான் நடத்துகின்றன, அங்கே கிரெடிட் கணக்கு வேறு.

அடுத்தது பட்டத்தின் பெயர். அறிவிப்பில் 'குற்றவியல்' என்று கேட்டிருக்கும்போது சான்றிதழில் 'குற்றவியல் மற்றும் காவல் நிர்வாகம்' என்றோ 'பாதுகாப்பு ஆய்வுகள்' என்றோ இருந்தால், இது அதற்கு இணையானது என்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட அரசாணையைக் காட்டச் சொல்லி டிஎன்பிஎஸ்சி கேட்கும். அரசாணை இல்லையென்றால் விண்ணப்பம் நிராகரிப்பு. எழுத்துத் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பில் போவது இப்படித்தான். சேருமுன் கல்லூரியில் இணைத்தன்மை அரசாணையின் நகலைக் கேளுங்கள். எண்ணும் தேதியும் போட்ட தாளாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, தமிழ் வழி ஒதுக்கீடு. உங்கள் பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் 2010 சட்டம் 2020-ல் திருத்தப்பட்டது. பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் வேலைக்கு ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம் வரை எல்லாமே தமிழ் வழியில் இருக்க வேண்டும். ஒருங்கிணைந்த குற்றவியல் படிப்புகள் பெரும்பாலும் ஆங்கில வழி. பன்னிரண்டு வருடம் தமிழ் வழியில் படித்துச் சேர்த்த அந்த உரிமை, ஆங்கில வழிப் பட்டத்தோடு பட்டதாரி வேலைகளுக்குச் செல்லாது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பைத் தகுதியாகக் கேட்கும் பதவிகளுக்கு மட்டும் மிஞ்சும். இதைச் சேர்க்கைக்கு முன்பே பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள்.

விரகனூர்:

//எஸ்.ஐ. வேலைக்குக் குற்றவியல் கட்டாயமில்லை// சரி சார். ஆனா இதைப் படிச்சா அந்தத் தேர்வுக்கு உதவியாவது இருக்குமா? பொண்ணுக்கு உயரம் எவ்வளவு வேணும்? மாதம் ஆயிரம் ரூபாய் வருதே புதுமைப்பெண், அது ஐந்து வருஷமும் வருமா?

கே.கே.நகர் வக்கீல்:

அண்மை அறிவிப்புகளில் எஸ்.ஐ.க்குப் பெண்களுக்கு 159 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பெண்களுக்கு 157. ஆண்களுக்கு 170, எஸ்.சி., எஸ்.டி. ஆண்களுக்கு 167. வயது 20 முதல் 30, பி.சி., எம்.பி.சி.க்கு 32, எஸ்.சி., எஸ்.டி.க்கு 35 வரை. உயரத்தை இப்போதே பள்ளியில் செருப்பில்லாமல் சுவரோடு நிற்க வைத்து அளந்துவிடுங்கள் ஐயா. ஒரு செ.மீ. குறைந்தாலும் அங்கே பேச்சில்லை. பட்டம் முடித்த பிறகு தெரிந்து அழுவதை விட இப்போதே தெரிவது நல்லது.

புதுமைப்பெண் உதவித்தொகை இளங்கலைப் பகுதிக்குத்தான். ஒருங்கிணைந்த படிப்பானாலும் முதல் மூன்று வருடத்தோடு நிற்கும் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். முதல் பட்டதாரி கட்டணச் சலுகை தொழிற்கல்விப் படிப்புகளுக்கானது, குற்றவியலுக்கு வராது. பொறியியலுக்குக் கிடைத்ததே என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள்.

தடயம்:

பயோ-மேத்ஸ் பெண்ணுக்காக எழுதுகிறேன். அந்தப் பிள்ளைக்கு ஆய்வகத்தில்தான் ஆர்வம் என்றால் குற்றவியல் வேண்டாம், தடயவியலுக்குப் போகட்டும். காந்திநகரில் தலைமையிடம் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் ஐந்து வருட பி.எஸ்சி.-எம்.எஸ்சி. தடயவியல் நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு வேண்டும். என்.எஃப்.ஏ.டி. என்ற அவர்களின் சொந்த நுழைவுத் தேர்வு. 2020 சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் என்பதால் பட்டத்தின் அங்கீகாரத்தில் சிக்கல் இருக்காது. வேலைவாய்ப்புக்கு ஒரு காரணமும் இருக்கிறது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 176(3) பிரிவின்படி ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போய்த் தடயம் சேகரிப்பதும் அதை வீடியோ எடுப்பதும் கட்டாயமாகிறது. மாநிலங்கள் இதைக் கொண்டுவர ஐந்து வருட அவகாசம் உண்டு. இந்தத் தேவை தடயவியல் பட்டத்துக்குத்தான், குற்றவியல் பட்டத்துக்கு இல்லை. நம் ஊரிலேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. ஆனால் அரசு ஆய்வகப் பணிக்கான அறிவிப்புகளில் எந்தப் பிரிவுக்கு எந்தப் பட்டம் என்று தனித்தனியாகக் கேட்பார்கள். அதனால் என் கருத்து, வேதியியலிலோ உயிரியலிலோ வலுவான பி.எஸ்சி. முடித்துவிட்டு எம்.எஸ்சி.யில் தடயவியல் போவதுதான் பாதுகாப்பு. இரண்டு கதவும் திறந்திருக்கும்.

குற்றவியலில் சேரும் பிள்ளைகளுக்கும் ஒரு தடயவியல் தாள் வரும். அதில் செய்முறை இருக்கிறதா என்று கேளுங்கள், ஏனென்றால் வழக்குகள் தோற்பது தடயத்தைப் பொதிவதில்தான். உதாரணத்துக்கு ரத்தம் தோய்ந்த சட்டை. ஈரத்தோடு பாலிதீன் பையில் போட்டுக் கட்டினால் உள்ளே வேர்த்து, மதுரை வெயிலுக்கு ஒரே நாளில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பிடித்து டி.என்.ஏ. சிதைந்துவிடும். நிழலில், அறை வெப்பத்தில், சுத்தமான தாளின் மேல் விரித்துக் காயவைக்க வேண்டும். வெயிலில் போடக்கூடாது, ஹேர் டிரையர் காட்டக்கூடாது. மடிக்கும்போது கறை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஒட்டாதபடி நடுவில் தாள் வைக்க வேண்டும், இல்லையென்றால் கறையின் வடிவத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பிறகு காகித உறை. ஒரு துணிக்கு ஒரு உறை. சந்தேக நபரின் சட்டையும் இறந்தவரின் சட்டையும் ஒரே பையில் போனால் அந்த இரண்டுமே வீண். சுவரில் காய்ந்த கறை என்றால் காய்ச்சி வடிகட்டிய நீரில் லேசாக நனைத்த பஞ்சில் ஒற்றி எடுத்து, பக்கத்தில் கறை இல்லாத இடத்திலிருந்தும் ஒரு ஒப்பீட்டு மாதிரி எடுக்க வேண்டும். அந்த இரண்டாவது பஞ்சை மறப்பதுதான் பயிற்சியில் அதிகம் நடக்கும் பிழை.

நம் பக்கம் அரளிவிதை, பூச்சிமருந்துச் சாவுகள் வரும். உள்ளுறுப்புகளை விஷ ஆய்வுக்கு அனுப்பும்போது பொதுவாக நிறை உப்புக் கரைசலில் போடுவார்கள். திசு ஆய்வுக்கு உரியது 10 சதவீத ஃபார்மலின். இரண்டையும் மாற்றிப் போட்டு ஃபார்மலினில் வந்த உறுப்பில் விஷத்தைத் தேடுவது கிட்டத்தட்ட வீண் வேலை. ரத்தத்தில் மது அளவு பார்க்க சோடியம் ஃபுளோரைடு சேர்த்த குப்பி வேண்டும், இல்லையென்றால் நொதித்து அளவு மாறிவிடும். குற்றவியல் மாணவர் இதைச் சோதிக்கப் போவதில்லை. ஆனால் அறிக்கையைப் படித்து எங்கே ஓட்டை என்று சொல்லத் தெரிய வேண்டும்.

மேலூர் வாத்தியார்:

மிக்க நன்றி. கலைப் பிரிவுப் பிள்ளைகள் குற்றவியலையே எடுத்தால், முடித்ததும் செய்யும் வேலை எப்படி இருக்கும்? பெயர் மட்டும் சொல்லாமல் வேலையையே சொல்லுங்களேன்.

பொன்னகரம்:

நன்னடத்தை அலுவலர், சிறையில் நல அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஒருங்கிணைந்த சேவை மையம், தொண்டு நிறுவனங்கள் என்று போகும். வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் மோசடி விசாரணைப் பிரிவுகள் இப்போது ஆள் எடுக்கின்றன, ஆனால் அங்கே எக்ஸெலும் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் குற்றவியல் தனிப் பாடம், எண் 68. தடயவியல் 82. முதல் தாள் 100 மதிப்பெண், இரண்டாம் தாள் 200, மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 50. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பள்ளிக்கூடத்தில் குற்றவியல் பாடமே இல்லை. "எதுக்கும் ஒரு பி.எட். போட்டு வச்சுக்கலாம்" என்ற நம் ஊர் வழக்கமான மாற்று ஏற்பாடு இந்தப் பட்டத்துக்குக் கைகொடுக்காது.

வேலையைச் சொல்லக் கேட்டீர்கள். நன்னடத்தை அலுவலரின் முதுகெலும்பு சமூக விசாரணை அறிக்கை. 1958 நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாத குற்றங்களில் குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் பிணையில் விடலாமா என்று நீதிமன்றம் யோசிக்கும்போது, அலுவலரின் அறிக்கை இருந்தால் அதைப் பார்க்க வேண்டும். 21 வயதுக்குக் குறைந்தவர்களை ஏன் சிறைக்கு அனுப்புகிறோம் என்று 6-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும். இளஞ்சிறார் வழக்கென்றால் முதல் முறை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்திய நாளிலிருந்து 15 நாளில் அறிக்கை போய்ச் சேர வேண்டும். மாதிரி விதிகளில் அதற்குப் படிவம் 6.

நல்ல அறிக்கைக்கும் மோசமான அறிக்கைக்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது தெரியுமா? "குடும்பச் சூழல் சரியில்லை. தந்தை குடிகாரர். கெட்ட சகவாசம்" என்று எழுதி முடிப்பது மோசமானது. யார் சொன்னது, எப்போது, நேரில் பார்த்தாயா என்று எதிர்த்தரப்பு கேட்டால் நிற்காது. வீட்டுக்குப் போய், எத்தனை அறை, எத்தனை பேர், யாருக்கு என்ன வருமானம், பையன் எந்த வகுப்பில் எந்த மாதம் பள்ளியை விட்டான், அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது, வேலைக்குப் போனானா, கூலி யார் கையில் போகிறது என்று கேட்க வேண்டும். பள்ளி வருகைப் பதிவேட்டை நேரில் பார்த்து நாட்களைக் குறிக்க வேண்டும். அம்மா சொல்வதும் பக்கத்து வீட்டார் சொல்வதும் முரண்பட்டால் இரண்டையும் எழுத வேண்டும், தானே தீர்ப்பு சொல்லக்கூடாது. கடைசியில் பரிந்துரை நடைமுறைக்கு ஒத்து வரணும். 'ஆலோசனை வழங்கலாம்' என்பது பரிந்துரை ஆகாது. எந்த ஐ.டி.ஐ., எந்தப் பிரிவு, சேர்க்கை எப்போது, வாரம் எந்தக் கிழமை யார் முன் ஆஜராக வேண்டும் என்று எழுதினால்தான் குழுமம் உத்தரவு போட முடியும்.

இன்னொன்று, விசாரிக்கப் போகும்போது தெருவில் நின்று "இந்தக் கேஸ்ல மாட்டின பையன் வீடு எது?" என்று கேட்டுவிட்டால் அதோடு அந்தப் பிள்ளையின் வாழ்க்கை போச்சு. சிறாரின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோரின் பெயரைச் சொல்லி விசாரிக்க வேண்டும், சீருடை ஆளோடு போகக்கூடாது. களப்பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்கும் இதே விதிதான்.

இந்தத் தேர்ச்சி வகுப்பறையில் வராது. அதனால் கல்லூரியில் கேட்க வேண்டியது, களப்பயிற்சி மொத்தம் எத்தனை மணி நேரம், எங்கே, யார் மேற்பார்வை, ஒவ்வொரு மாணவரும் எத்தனை அறிக்கை எழுத வேண்டும் என்பதுதான். மதுரையில் மத்திய சிறை, பெண்கள் தனிச்சிறை, கூர்நோக்கு இல்லம், மாவட்ட நீதிமன்றம், 2004-லிருந்து உயர் நீதிமன்றக் கிளை, அரசு ராஜாஜி மருத்துவமனையின் சட்ட மருத்துவத் துறை எல்லாமே ஒரே ஊருக்குள் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும் பேருந்தில் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டி, வாசலில் குரூப் போட்டோ எடுத்துத் திரும்பி வருவதைக் களப்பயிற்சி என்று கணக்கில் எழுதும் துறையை நம்பாதீர்கள்.

கருமாத்தூர்:

பொன்னகரம் அக்கா சொன்னதோடு புள்ளிவிவரத்தையும் சேர்க்கணும். ஆய்வேடுகள் அதிகம் சொதப்புவது அங்கேதான்.

மதுரை பற்றி ஆய்வு செய்பவர்கள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் (என்சிஆர்பி) அறிக்கையைத் திறந்து பெருநகரப் பட்டியலில் மதுரையைத் தேடுவார்கள். முன்பு 53 நகரங்கள் இருந்த பட்டியலில் மதுரை உண்டு. 2016 முதல் 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 19 நகரங்கள் மட்டும், தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும்தான். ஆகவே மாவட்ட வாரி அட்டவணைக்குப் போகணும். அங்கே மதுரை மாநகரம் தனி வரி, மதுரை மாவட்டம் தனி வரி. ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு 'மதுரை மாவட்டத்தில் குற்றங்கள்' என்று தலைப்பு வைத்தால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுதான்.

அடுத்தது வகுக்கும் எண். 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்கு 10.17 லட்சம், நகரத் தொகுப்புக்கு 14.65 லட்சம். 1,000 வழக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எண்ணால் வகுத்தால் லட்சத்துக்கு 98, இரண்டாவதால் வகுத்தால் 68. வழக்குகள் அதே, ஊர் அதே, விகிதம் மட்டும் சுமார் 30 சதவீதம் குறைந்துவிட்டது. அதோடு காவல் நிலைய எல்லையும் மாநகராட்சி வார்டு எல்லையும் பொருந்தாது. எதை வைத்து வகுத்தோம், ஏன் என்று ஆய்வேட்டில் ஒரு பத்தி எழுதியே ஆகணும்.

மூன்றாவது, முதன்மைக் குற்ற விதி. ஒரே எஃப்.ஐ.ஆரில் கொலையும் கொள்ளையும் இருந்தால் என்சிஆர்பி கொலையை மட்டும்தான் எண்ணும். கொள்ளையை அந்த அட்டவணையிலிருந்து எண்ணுபவருக்குக் குறைவாகத்தான் வரும்.

இணையத்தில் கிடைக்கும் எஃப்.ஐ.ஆர்.களை வைத்து வரைபடம் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2016 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஆனால் பாலியல் குற்றம், போக்சோ போன்ற உணர்வுபூர்வமானவற்றை ஏற்றக்கூடாது. இதை மறந்துவிட்டு "எங்கள் பகுதியில் பெண்களுக்கு எதிரான குற்றம் குறைவு" என்று முடிவு எழுதினால் அது தரவு சொன்ன முடிவல்ல, தரவில் இல்லாதது சொன்ன முடிவு. இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் சோதனை போடும்போது எதிர்பார்ப்பு எண் 5-க்குக் கீழே போகும் கட்டங்கள் அதிகம் இருந்தால் ஃபிஷர் சோதனைக்கு மாறணும். சிறைவாசிகள் 30, 40 பேரை வைத்துச் செய்யும் ஆய்வில் இது எப்போதும் வரும்.

சிறைக்குள் ஆய்வு செய்ய அனுமதி சென்னையில் உள்ள சிறைத்துறைத் தலைமையகத்திலிருந்து வரணும், மதுரை சிறைக் கண்காணிப்பாளரிடம் கேட்டு நடக்காது. துறைத் தலைவர் கடிதம், ஆய்வுச் சுருக்கம், முழுக் கேள்வித்தாள், நெறிமுறைக் குழு ஒப்புதல் எல்லாம் சேர்த்து அனுப்பணும். இதைப் பத்தாம் செமஸ்டரில் தொடங்குபவர்களுக்கு அனுமதி வரும்போது ஆய்வேடு கொடுக்கும் தேதி போயிருக்கும். எட்டாவது செமஸ்டர் முடிவிலேயே அனுப்பிவிடணும். ரெக்கார்டர், போன் உள்ளே போகாது என்று வைத்துக்கொண்டு, கையால் குறிக்கத் தோதான கேள்வித்தாள் தயாரிக்கணும்.

விரகனூர்:

எல்லாம் படிச்ச பிறகு பயமாத்தான் இருக்கு. ஐந்து வருஷத்தை ஒரே இடத்துல கட்டிப்போடறதை விட, மூணு வருஷம் வேற படிச்சிட்டு ரெண்டு வருஷம் குற்றவியல் போனா என்ன?

பொன்னகரம்:

என் வாக்கு அதற்குத்தான் அண்ணே. உளவியல், சமூகவியல், சமூகப்பணி இதில் ஒன்றில் இளங்கலை முடித்துவிட்டு எம்.ஏ. குற்றவியலுக்குப் போகலாம். குழந்தைகள் பாதுகாப்பு அறிவிப்புகளில் சமூகப்பணி, உளவியல், சமூகவியல் பெயர்கள் வழக்கமாக இருக்கும். குற்றவியல் பெயர் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இரண்டு துறைப் பட்டம் இருந்தால் எந்த அறிவிப்பிலும் ஒன்று பொருந்தும். மதுரையிலிருந்து சுமார் 160 கி.மீ. தூரத்தில் திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்னொன்று. இந்தியக் குற்றவியல் கழகமே 1970-ல் சென்னையில்தான் தொடங்கியது. இரண்டும் அரசுப் பல்கலைக்கழகங்கள், கட்டணமும் தாங்கும்.

ஆனைமலை:

இதில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. இரண்டு வருட எம்.ஏ.வில் முதல் வருடம் முழுக்க, வேறு துறையிலிருந்து வந்தவர்களுக்கு அடிப்படை சொல்லிக் கொடுப்பதிலேயே போய்விடும். ஆய்வு முறையியல் அவசரத்தில் நடக்கும். ஐந்து வருடப் படிப்பில் கோட்பாட்டையும் புள்ளியியலையும் ஊறவைத்து, கடைசி வருடம் முழுவதையும் ஒரு ஆய்வுக்குக் கொடுக்க முடியும். முனைவர் பட்டம், ஆசிரியர் பணி என்று போகும் பிள்ளைக்கு அந்த அடித்தளம் பெரிய சொத்து. ஆனால் ஒரு நிபந்தனை, துறையில் குற்றவியலிலேயே பட்டம் பெற்ற நிரந்தர ஆசிரியர்கள் இருக்க வேண்டும். வேறு துறை ஆசிரியர்கள் இருவரை மாற்றி அமர்த்தி ஐந்து வருடத்தையும் ஓட்டும் இடத்துக்குப் பொன்னகரம் சொன்னதே மேல்.

சட்டம் படிக்கும் எண்ணம் உள்ள பிள்ளைக்கு ஐந்து வருடம் வேண்டாம். இளங்கலையோடு வெளியேறி மூன்று வருட எல்எல்.பி. போகலாம், மதுரையிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. எம்.ஏ.வையும் எல்எல்.பி.யையும் ஒரே நேரத்தில் படிக்க முடியாது. இரண்டு பட்டம் சேர்த்துப் படிக்கலாம் என்று யுஜிசி 2022-ல் சொன்னாலும், சட்டப் படிப்புக்குப் பார் கவுன்சில் விதி அதை அனுமதிக்கவில்லை.

மேலூர் வாத்தியார்:

உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், "எங்க ஊரைப் பத்தியே ஆராய்ச்சி செய்ய முடியுமா?" என்று கேட்கிறான். அது இந்தப் படிப்புக்குள் வருமா?

ஆனைமலை:

வரும் ஐயா, அவன் கேட்டதுதான் இந்தத் துறையின் நடுக் கேள்வி. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வந்தது. 'பிறவிக் குற்றவாளி' என்ற கருத்தை இத்தாலியில் லொம்ப்ரோசோ 1876-ல் புத்தகமாக வெளியிடுவதற்கு ஐந்து வருடம் முன்பே, இங்கே ஒரு சாதியில் பிறந்ததாலேயே குற்றவாளி என்று சட்டம் எழுதிவிட்டார்கள். 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகைப் பதிவு, இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுப்பது எல்லாம் அதன் கீழ்தான். அதை எதிர்த்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் மேல் 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கிச் சூடு நடந்தது, மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுவதும் 1952-லும் சட்டம் நீக்கப்பட்டது. அதன் பிறகு பழக்கக் குற்றவாளிகள் சட்டங்கள் வந்தன. இந்தச் சட்டத்தின் கீழ் வந்த கள்ளர் சமூகத்துக்கான சீரமைப்புத் திட்டத்தில் தொடங்கிய கள்ளர் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன.

ஒரு கூட்டத்துக்குக் 'குற்றவாளி' என்று பட்டம் கட்டினால் அடுத்தடுத்த தலைமுறையில் என்ன ஆகிறது என்பதை முத்திரைக் கோட்பாடு என்று படிக்கிறோம். அமெரிக்க உதாரணத்தைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் பையனுக்கு அவன் ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு அதைவிடப் பெரிய ஆதாரம். ஆவணக் காப்பகத்தில் மாகாண அரசாணைகள், ஊரில் பெரியவர்களின் வாய்மொழி, பள்ளிப் பதிவேடுகள் மூன்றையும் சேர்த்து வைத்துச் செய்யச் சொல்லுங்கள். வாய்மொழியை மட்டும் வைத்துச் செய்தால் தேதிகள் குழம்பும், அரசாணையை மட்டும் வைத்துச் செய்தால் போலீஸ்காரர் பார்வையே ஆய்வாகிவிடும். அப்படிப்பட்ட ஆர்வம் இருக்கும் பையனைக் கண்டிப்பாக ஐந்து வருடத்துக்கு அனுப்பலாம்.

மேலூர் வாத்தியார்:

அவனிடம் இன்றே சொல்கிறேன். கடைசியாக ஒன்று, கல்லூரிக்கு நேரில் போகும்போது பெற்றோர் கையோடு எதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்?

கே.கே.நகர் வக்கீல்:

பணம் கட்டுவதற்கு முன், அந்தப் படிப்புக்கு அந்த வருடத்துக்கான பல்கலைக்கழக ஒப்புதல் கடிதத்தைக் கேளுங்கள். கல்லூரிக்கு இணைப்பு இருப்பது போதாது, அந்தப் படிப்பின் பெயர் கடிதத்தில் இருக்க வேண்டும். அதே பெயர் யுஜிசி அங்கீகரித்த பட்டப் பெயர்களில் வருகிறதா என்று பாருங்கள். முன்பு முடித்த மாணவரின் பட்டச் சான்றிதழ் நகல் ஒன்றை, பெயரை மறைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். புதுப் படிப்பு, இன்னும் யாரும் முடிக்கவில்லை என்றால் விதிமுறைப் புத்தகத்தில் பட்டப் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். இணைத்தன்மை அரசாணை பற்றி முன்பே சொன்னேன். ஆறாவது செமஸ்டரில் அரியர் இருந்தால் ஏழாவதுக்குப் போக விடுவார்களா, அந்த விதி எந்தப் பக்கத்தில் என்று கேளுங்கள். ஒரு அரியரால் வருடமே போன பிள்ளைகள் உண்டு. நடுவில் விலகினால் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தர மீதி வருடக் கட்டணம் கேட்பார்களா என்பதையும் கேளுங்கள். அசல் சான்றிதழை நிறுத்தி வைப்பதை யுஜிசி தடை செய்திருக்கிறது, இருந்தும் சில இடங்களில் கேட்கிறார்கள். சரிபார்த்ததும் அசலைக் கையோடு திரும்ப வாங்கிக்கொண்டு, நகலை மட்டும் விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.